நிச்சயதார்த்தத்துக்கு வைர மோதிரம் வாங்கப் போறீங்களா? சர்டிபிகேட்டைப் படிச்சுட்டு பணத்தைக் கட்டுங்க!

திருச்சி:

நிச்சயதார்த்தம் என்றால் முன்பெல்லாம் தட்டு மாற்றி, பெண்ணுக்கு பூ வைத்து, சாப்பாட்டோடு முடிந்து விடும். இப்போது மேடை போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் மோதிரம் மாற்றி, அதை வீடியோ எடுத்தால்தான் நிச்சயதார்த்தம். அந்த மோதிரத்தில் ஒரு வைரக்கல் மின்ன வேண்டும் என்ற ஆசை பணக்கார வீட்டோடு நிற்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டிலும், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் வீட்டிலும் "சின்னதா ஒரு கல்லாவது வச்சுப் போடலாமே" என்கிற பேச்சு வந்து விட்டது.

2025 செப்டம்பரில் தங்கம் சவரன் 80 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. கனமான மோதிரம் போட முடியாதவர்களுக்கு, குறைந்த தங்கத்தில் கல் வைத்த மோதிரம் ஒரு வழியாகத் தெரிகிறது. கடைகளும் அப்படித்தான் விளம்பரம் செய்கின்றன.

கடையில் நடப்பது என்ன? விற்பனையாளர் மோதிரத்தை விளக்கு வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டுவார். கல் பளபளவென்று மின்னும். கூடவே ஏ.டி.எம். கார்டு அளவில் ஓர் அட்டையை நீட்டி, "சர்டிபிகேட் இருக்கு சார், பயப்படாதீங்க" என்பார். அட்டை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும். மாமனார் வாங்கிப் பார்த்து விட்டு மைத்துனரிடம் கொடுப்பார். மைத்துனர் பார்த்து விட்டு "சரியாத்தான் இருக்கு" என்று தலையாட்டுவார். யாரும் படித்திருக்க மாட்டார்கள். பணம் கட்டியாகி விடும்.

அந்த அட்டையில் கல்லின் விலை இருக்காது. திருப்பிக் கொடுத்தால் இவ்வளவு தருவோம் என்ற உறுதியும் இருக்காது. கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்த ஒரு ஆய்வகம், 'எங்கள் பார்வையில் இந்தக் கல் இப்படி' என்று எழுதிக் கொடுத்த அபிப்பிராயம்தான் அது. உலகத்திலேயே பெயர் பெற்ற அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. ஆய்வகம்கூட தன் தாளுக்கு 'ரிப்போர்ட்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. நாமதான் அதை சர்டிபிகேட் ஆக்கி விட்டோம்.

அடகுக் கடையில் கல்லுக்கு காசு இல்லை

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லி விடுவது நல்லது. நம்ம வீடுகளில் நகை வாங்குவது போட்டு அழகு பார்க்க மட்டும் இல்லை. ஸ்கூல் பீஸ் கட்ட, ஆஸ்பத்திரி செலவுக்கு, விதை வாங்க என்று ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்கவும்தான். நகைக்கடனில் தங்கத்தின் மதிப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், பதித்திருக்கும் கற்களின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போட்டிருக்கும் விதி. எனவே வங்கியில் மோதிரத்தை வைத்தால், கல்லின் எடையைக் கழித்து விட்டு மீதித் தங்கத்துக்குத்தான் கடன். எவ்வளவு பெரிய ஆய்வகத்தின் சர்டிபிகேட்டை நீட்டினாலும் இதுதான் நிலைமை.

ஆகவே வைர மோதிரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் கல்லுக்கான பங்கு என்பது, வாங்கிய கடையே திருப்பி எடுத்தால்தான் பணமாகும். அந்தக் கடை எவ்வளவுக்கு எடுக்கும் என்பது, கல் எது, என்ன தரம் என்று எழுத்தில் இருப்பதைப் பொறுத்தது. சர்டிபிகேட்டைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஹால்மார்க் வேற, வைர சர்டிபிகேட் வேற

"ஹால்மார்க் இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசாது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசு செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு கட்டாய ஹால்மார்க்கில் இருந்து விலக்கு உண்டு. ஒன்றரை கிராமில் கல் வைத்த லேசான மோதிரம் வாங்கினால், ஹால்மார்க் இல்லாமலே கையில் வரலாம். கடைக்காரர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் தங்கம் என்ன தரம் என்பதை பில்லில் எழுதி வாங்க வேண்டியது உங்க வேலை.

வைர மோதிரம் பெரும்பாலும் 18 கேரட் தங்கத்தில்தான் செய்கிறார்கள். முத்திரையில் 750 என்று இருக்கும். அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம். 22 கேரட் தங்கம் மெதுவானது, கல்லைப் பிடித்திருக்கும் கொக்கி சீக்கிரம் வளைந்து கொடுத்து விடும் என்பதால் இந்த ஏற்பாடு. "22 கேரட்டுக்கு 916 விலை போட்டுட்டாங்களா, 18 கேரட்டுக்கு உள்ள விலையா?" என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

கேரட் என்ற வார்த்தையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. தங்கத்துக்கு கேரட் என்றால் சுத்தம். வைரத்துக்கு கேரட் என்றால் எடை. ஒரு கேரட் வைரம் என்பது 200 மில்லி கிராம். 5 கேரட் சேர்ந்தால் ஒரு கிராம். ஒரு கேரட்டை 100 பங்காக்கி ஒவ்வொன்றையும் சென்ட் என்கிறார்கள். அட்டையில் 0.18 என்று போட்டிருந்தால் அது 18 சென்ட். அதைப் பார்த்து விட்டு 18 கேரட் என்று நினைத்தவர்களும் உண்டு.

முதல்ல பார்க்க வேண்டிய ஒரே வரி

அட்டையில் நிறம், தெளிவு என்று ஆயிரம் இருக்கட்டும். முதலில் தேட வேண்டியது கல் இயற்கையா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்கிற வரி. 'நேச்சுரல் டைமண்ட்' என்று இருந்தால் பூமியில் தோண்டி எடுத்தது. 'லேபரட்டரி குரோன்' என்று இருந்தால் ஆய்வகத்தில் வளர்த்தது. சில அட்டைகளில் சி.வி.டி., எச்.பி.எச்.டி. என்று சுருக்கமாக இருக்கும். இரண்டும் ஆய்வகத்தில் வைரம் வளர்க்கும் முறைகள். முதலாவது, வாயுவில் இருந்து கார்பனைப் படிய வைத்து வளர்ப்பது. இரண்டாவது, பயங்கர அழுத்தமும் சூடும் கொடுத்து வளர்ப்பது. ஐ.ஜி.ஐ. ஆய்வகத்தின் ரிப்போர்ட் எண் 'எல்.ஜி.' என்று தொடங்கினால் அது ஆய்வக வைரம்.

ஆய்வக வைரம் போலி இல்லை. அதுவும் சுத்த கார்பன்தான், அதே கடினம், அதே மினுமினுப்பு. 2023 ஜூனில் பிரதமர் மோடி அமெரிக்கா போனபோது அந்நாட்டு அதிபரின் மனைவி ஜில் பைடனுக்குக் கொடுத்த 7.5 கேரட் கல்லும் ஆய்வக வைரம்தான். அதே ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ஆய்வக வைர ஆராய்ச்சிக்கு 5 வருட நிதி அறிவித்தார்கள். அந்த வேலை நடப்பது நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில்.

பிரச்சினை விலையில். ஒரே அளவு, ஒரே தரம் என்றாலும் இயற்கைக் கல்லை விட ஆய்வகக் கல் பல மடங்கு மலிவு. இயற்கை வைரம் என்று சொல்லி இதை விற்றால் கொள்ளை லாபம். அது தவிர ஆய்வகக் கல்லின் விலை கடந்த சில வருடங்களில் சரிந்து கொண்டே வந்திருக்கிறது. நாளைக்கு திருப்பிக் கொடுக்கப் போனால் கையில் கிடைப்பது சொற்பம். அதைத் தெரிந்து, மலிவாக இருக்கிறது, பெரிய கல்லாகப் போட்டுக் கொள்ளலாம் என்று வாங்கினால் தப்பே இல்லை. தெரியாமல் வாங்குவதுதான் தப்பு.

ஐ.எஸ். 15766:2021 என்ற இந்தியத் தர விதிப்படி, வெறுமனே 'வைரம்' என்று எழுதினால் அது இயற்கை வைரத்தை மட்டுமே குறிக்க வேண்டும். ஆய்வகக் கல் என்றால் அதைத் தெளிவாக எழுத வேண்டும். ஆகவே பில்லில் 'இயற்கை வைரம்' என்று எழுதச் சொல்லிக் கேளுங்க. எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம்.

ஜி.ஐ.ஏ. 2025 அக்டோபரில் இன்னொரு மாற்றம் செய்தது. ஆய்வக வைரத்துக்கு இயற்கை வைரம் போல நிறம், தெளிவு எழுத்துகளைக் கொடுப்பதை நிறுத்தி விட்டு, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என்று இரண்டே வகையாகச் சொல்லத் தொடங்கியது. ஜி.ஐ.ஏ. தாளில் இந்த வார்த்தை இருந்தால் கல் ஆய்வகத்தில் வளர்ந்தது என்று அர்த்தம். 'பிரீமியம்னா உசத்தி வைரம்' என்று யாராவது கதை விட்டால் ஏமாறாதீங்க.

டெஸ்டர் 'பீப்' அடித்தால் போதுமா?

சில கடைகளில் பேனா மாதிரி ஒரு கருவியை கல்லின் மேல் வைப்பார்கள். 'பீப்' என்று சத்தம் வரும். "பாருங்க, ஒரிஜினல் வைரம்" என்பார்கள். அந்தச் சாதாரண கருவி பார்ப்பது கல் எவ்வளவு வேகமாக சூட்டைக் கடத்துகிறது என்பதை மட்டும்தான். ஆய்வக வைரத்தில் வைத்தாலும் பீப் அடிக்கும், ஏனென்றால் அதுவும் வைரம். மாய்சனைட் என்ற இன்னொரு கல்லும் சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால் அதிலும் பீப் அடிக்கும். இயற்கையா, ஆய்வகமா என்று பிரித்துச் சொல்ல பெரிய இயந்திரங்கள் வேண்டும். அது ஆய்வகத்தில்தான் முடியும்.

அந்தப் பேனாவிடம் கண்டிப்பாக மாட்டிக் கொள்வது நம்ம ஊர் சரக்குதான். திருச்சி, புதுக்கோட்டை மாவட்ட கிராமங்களில் வீட்டுக்கு வீடு பட்டை தீட்டிய செயற்கைக் கல், 'அமெரிக்கன் டைமண்ட்' என்ற பெயரில் ஊரெல்லாம் போனது. பெயரில் டைமண்ட் இருந்தாலும் அது வைரம் இல்லை, கியூபிக் சிர்கோனியா என்ற வேறு பொருள். அதே அளவு வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் எடை இருக்கும். பட்டை தீட்டியவர்களின் கைத்திறமை காரணமாக பார்வைக்கு அப்படியே வைரம். கண்ணால் பார்த்தே வைரத்தைச் சொல்லி விடுவேன் என்று சவால் விடுகிறவர்கள், ஒரு திருச்சிக் கல்லை வைத்து சோதித்துப் பார்க்கலாம்.

டி-யில் தொடங்குவது ஏன்?

இனி எழுத்துகளுக்கு வருவோம். நிறத்துக்கு டி முதல் இசட் வரை 23 எழுத்துகள். டி, இ, எப் என்றால் நிறமே இல்லாத கல். ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமில்லாதது. கே-யில் இருந்து மெல்ல மெல்ல மஞ்சள் ஏறும். ஏ, பி, சி எங்கே போச்சு? 1950-களில் ஜி.ஐ.ஏ. இந்த வரிசையைக் கொண்டு வருவதற்கு முன்பு ஆளாளுக்கு ஏ, ஏஏ என்று இஷ்டத்துக்கு தரம் போட்டுக் கொண்டிருந்தார்கள். அந்தக் குழப்பம் ஒட்டக் கூடாது என்று டி-யில் தொடங்கினார்கள். இன்றைக்கும் யாராவது 'ஏ ஒன் வைரம்', 'ட்ரிபிள் ஏ வைரம்' என்று சொன்னால், அது எந்த சர்டிபிகேட்டிலும் இல்லாத தரம் என்று தெரிந்து கொள்ளலாம்.

டி-க்கும் எப்-க்கும் உள்ள வித்தியாசம், மோதிரமாகக் கட்டிய பிறகு சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வகத்திலேயே கல்லைக் கவிழ்த்து வைத்து, தரம் தெரிந்த மாதிரிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். மஞ்சள் தங்கத்தில் கட்டிய கல் என்றால் தங்கத்தின் நிறமே கல்லில் அடிக்கும். அதில் டி கலர் வாங்கி காசைக் கொட்டுவது வீண். ஜி, எச் தாராளம்.

அடுத்தது தெளிவு. கல்லுக்குள் புள்ளி, கீற்று, மேகம் போன்ற குறைகள் எவ்வளவு என்பது. 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்து 11 படிகளாகப் பிரிக்கிறார்கள். எப்.எல்., ஐ.எப். என்றால் உள்ளே குறை இல்லை. அப்புறம் வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று இறங்கி, கடைசியில் ஐ1, ஐ2, ஐ3. வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. மூன்றுக்கும் பின்னால் 1, 2 என்று எண் வரும். 1 உசத்தி, 2 அதற்கு அடுத்தது. வி.வி.எஸ். கல்லில் உள்ள குறையை பழகின ஆளே லென்ஸில் சிரமப்பட்டுத்தான் கண்டுபிடிப்பார். எஸ்.ஐ.-யில் லென்ஸில் பார்த்தால் தெரியும், பல கற்களில் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஐ வரிசை என்றால் கரும்புள்ளி கண்ணுக்கே தெரியலாம், மினுமினுப்பும் அடி வாங்கும்.

கல்லில் குறை பார்ப்பது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த வித்தை இல்லை. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் மதுரை ரத்தினக் கடை வீதி வருகிறது. அங்கே நல்ல வைரத்தில் இருக்கக் கூடாத குறைகளாக காக்கைக் கால் போன்ற கோடு, கறை, புள்ளி, கீற்று என நான்கு சொல்லப்பட்டிருக்கிறது. பாட்டிமார்கள் இன்றும் 'காகபாதம்' இருக்கிற கல்லைத் தொட மாட்டார்கள். ஆனால் கல் வீட்டுக்கு ஆகுமா ஆகாதா, தோஷம் உண்டா என்பதை எந்த ஆய்வகமும் எழுதித் தராது. அதற்கு கல்லை மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்கிற பழைய வழக்கம்தான். அதை அனுமதிக்கிற கடை இருந்தால் சரி, எழுத்தில் வாங்கிக் கொண்டு எடுத்துப் போங்க.

ப்ளூ ஜாகர், பெல்ஜியம் என்றால்?

நம்ம பக்கம் வைரம் என்றாலே பெரியவர்கள் கேட்பது 'ப்ளூ ஜாகர்'. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்பான்டைன் என்ற சுரங்கத்தில் கிடைத்த லேசான நீல ஒளி வீசும் கற்களுக்கு வந்த பெயர் அது. இன்றைய தரவரிசையில் அப்படி ஒரு தரமே கிடையாது. அட்டையில் தேடினாலும் கிடைக்காது.

அந்த நீல ஒளிக்குக் காரணம் பெரும்பாலும் புற ஊதாக் கதிர் பட்டால் கல் ஒளிர்வதுதான். சர்டிபிகேட்டில் 'புளூரசென்ஸ்' என்ற வரியில் அது இருக்கும். இல்லை, லேசு, நடுத்தரம், பலம், மிகப் பலம் என்று ஐந்து படி. வேடிக்கை என்னவென்றால், பாட்டி காலத்தில் 'நீலம் ஓடுது' என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கினார்கள். இன்றைய வியாபாரத்தில் டி, இ, எப் கலர் கல்லில் பலமான நீல ஒளிர்வு இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். ஆகவே 'ப்ளூ ஜாகர், அதனால் விலை கூட' என்று கடையில் சொன்னால், அட்டையில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்க.

'பெல்ஜியம் வைரம்' என்பதும் இப்படித்தான். பெல்ஜியத்தில் வைரச் சுரங்கம் எதுவும் இல்லை. ஆன்ட்வெர்ப் நகரம் வைர வியாபாரத்துக்குப் பெயர் போனது, அவ்வளவுதான். இன்று உலகத்தில் பட்டை தீட்டும் கற்களில் பெரும்பகுதி குஜராத் மாநிலம் சூரத்தில்தான் தீட்டப்படுகிறது. உங்க மோதிரக் கல்லும் அங்கே இருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கல் மின்னுவதற்கு நிறத்தையும் தெளிவையும் விட பட்டை தீட்டிய விதம்தான் முக்கியக் காரணம். அட்டையில் 'கட்' என்ற வரி. ரவுண்ட் கல்லுக்கு எக்ஸலன்ட், வெரி குட், குட், பேர், புவர் என்று ஐந்து தரத்தை 2006 முதல் ஜி.ஐ.ஏ. எழுதுகிறது. பணம் அளவாக இருக்கிறவர்கள் நிறத்திலும் தெளிவிலும் ஒரு படி இறங்கி, கட்-டில் எக்ஸலன்ட் வாங்குவது புத்திசாலித்தனம். பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது அதுதான்.

மொத்தம் 50 சென்ட்... உஷார்!

கூட்டம் கூட்டமாக ஏமாறுகிற இடம் இது. "அரை கேரட் மோதிரம், இந்த விலைக்கு எங்கேயும் கிடைக்காது" என்பார்கள். அட்டையில் 'டோட்டல் வெயிட் 0.50' என்று இருக்கும். பக்கத்தில் கற்களின் எண்ணிக்கை 11 என்று இருக்கும். அதாவது 11 பொடிக் கற்கள் சேர்ந்து 50 சென்ட். ஒரு கல் ஐந்து சென்ட்கூட வராது.

வைரத்தில் தங்கம் மாதிரி கிராமுக்கு ஒரே விலை கிடையாது. கல் பெரிதாக ஆக, ஒரு கேரட்டுக்கான விலையே ஏறிக்கொண்டு போகும். 10 சென்ட் கல் ஐந்து வாங்குவதை விட, 50 சென்ட் ஒத்தைக் கல் ஒன்று வாங்க பல மடங்கு பணம் வேண்டும். பொடிக்கல் மோதிரத்துக்கு ஒத்தைக்கல் விலையைச் சொல்லி, அதில் 'தள்ளுபடி' போட்டால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே மொத்த எடையோடு, நடுக்கல் தனியாக எத்தனை சென்ட் என்று கேளுங்க.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அரை கேரட், ஒரு கேரட் என்ற முழு எண்ணைத் தொட்டதும் விலை எகிறும். 50 சென்ட் கல்லுக்கும் 48 சென்ட் கல்லுக்கும் அகலத்தில் வித்தியாசம் 0.1 மில்லி மீட்டர்கூட கிடையாது. மேடையில் போட்டோ எடுப்பவருக்கும் தெரியாது, சம்பந்திக்கும் தெரியாது. 48 கிடைத்தால் வாங்கிப் போடுங்க. அளவு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: 10 சென்ட் ரவுண்ட் கல் சுமார் 3 மில்லி மீட்டர் அகலம், 25 சென்ட் சுமார் 4 மில்லி மீட்டர், ஒரு கேரட் சுமார் ஆறரை மில்லி மீட்டர்.

மோதிரத்தோடு வரும் சின்ன அட்டை

ஜி.ஐ.ஏ. தனிக் கல்லை மட்டுமே தரம் பிரித்து ரிப்போர்ட் கொடுக்கும். நகையில் கட்டிய கல்லை அப்படித் தரம் பிரிப்பதில்லை. 1931-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு மும்பையிலும் ஆய்வகம் உண்டு. 1975-ல் ஆன்ட்வெர்ப்பில் தொடங்கிய ஐ.ஜி.ஐ., மற்றும் எஸ்.ஜி.எல்., ஜி.எஸ்.ஐ. போன்றவை கட்டி முடித்த நகைக்கும் அட்டை கொடுக்கின்றன. நடுத்தர விலை மோதிரத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த அட்டைதான்.

உதாரணத்துக்கு ஓர் அட்டையில், மொத்த எடை 3.120 கிராம், வைரம் 9, வைர எடை 0.32 கேரட், நிறம் ஜி-எச், தெளிவு எஸ்.ஐ. என்று இருப்பதாக வைத்துக் கொள்வோம். நிறம் ஒரே எழுத்தாக இல்லாமல் ஜி-எச் என்று இருப்பதற்குக் காரணம், ஒன்பது கற்களும் அந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதுதான். 'கட்டிய நிலையில் பார்க்க முடிந்த அளவுக்கு' என்ற வாசகம் பொடி எழுத்தில் இருக்கும். கொக்கிக்கு அடியில் ஒரு கறுப்பு இருந்தால் ஆய்வகத்துக்குத் தெரிந்திருக்காது என்று அர்த்தம். 0.32 கேரட் என்பது 64 மில்லி கிராம். அதைக் கழித்தால் தங்கம் 3.056 கிராம். பில்லில் தங்க எடை 3.120 என்று போட்டிருந்தால், வைரத்துக்கும் ஒரு விலை, அதே வைரத்தின் எடைக்கு தங்க விலை என்று இரண்டு தடவை வாங்கி விட்டார்கள் என்று பொருள்.

அட்டையில் 'கமென்ட்ஸ்' என்று ஒரு வரி இருந்தால் அதை யாராவது படித்த பிள்ளையை வைத்துப் படிக்கச் சொல்லுங்க. 'கிளாரிட்டி என்ஹான்ஸ்டு' என்றோ 'பிராக்சர் பில்டு' என்றோ இருந்தால், கல்லில் இருந்த வெடிப்பை கண்ணாடி போன்ற பொருளை வைத்து அடைத்திருக்கிறார்கள். பின்னாளில் மோதிரத்தை சைஸ் மாற்ற பத்தர் நெருப்பு காட்டும்போது அந்த அடைப்பு கெட்டு, வெடிப்பு வெளியே தெரியும்.

எல்லா ஆய்வகமும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு இடத்தில் ஜி என்று தரம் வாங்கிய கல், கண்டிப்பான இன்னொரு இடத்தில் ஐ வாங்கலாம். கடையே தன் பெயரில் அச்சடித்துக் கொடுக்கும் 'கியாரண்டி கார்டு' எந்த ஆய்வகத்தின் ரிப்போர்ட்டும் இல்லை. இரண்டு கடையில் விலை ஒப்பிடும்போது எழுத்து ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஆய்வகமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம்பரை போனில் போட்டுப் பாருங்க

ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு எண் உண்டு. கடையில் உட்கார்ந்தபடியே செல்போனில் அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் கல்லின் விவரம் வரும். அட்டையில் இருக்கும் கியூஆர் கோடு வேறு போலி தளத்துக்குக் கூட்டிப் போகலாம் என்பதால், தளத்தின் பெயரை நீங்களே டைப் செய்வது நல்லது.

ஒத்தைக்கல் மோதிரத்தில், கல்லின் மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் இடுப்புப் பகுதியில் அதே எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கடையில் லென்ஸ் வைத்துக் காட்டச் சொல்லலாம். காட்டுவது அவர்கள் கடமை, கூச்சப்பட வேண்டாம். எண் பொருந்தினாலும் எடையும் மில்லி மீட்டர் அளவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இயற்கை வைரத்துக்குக் கொடுத்த எண்ணை ஆய்வக வைரத்தில் போலியாகப் பொறித்து விட்ட கற்கள் பிடிபட்டதாக 2021-ல் ஜி.ஐ.ஏ.வே அறிவித்தது. ஒத்தைக் கல் வாங்குகிறவர்கள், கட்டுவதற்கு முன்பே தனிக் கல்லாக எடை போட்டு, அளந்து, எண் பார்த்து விட்டு கட்டச் சொல்வது ரொம்ப பாதுகாப்பு.

பில்லில் என்னென்ன எழுதி வாங்கணும்?

தங்கத்தின் தரம், கல் கழித்த தங்க எடை, வைரத்தின் எடை, கற்களின் எண்ணிக்கை, இயற்கையா ஆய்வகமா, ரிப்போர்ட் எண், செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். 'மோதிரம் ஒன்று' என்று ஒரே தொகையாகப் போட்ட பில் பின்னாடி எதற்கும் உதவாது. பில் இல்லாமல் வாங்கினால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ஆசை காட்டினால், புகார் செய்யும் உரிமையையும் சேர்த்து அந்த 3 சதவீதத்துக்கு விற்கிறீர்கள்.

திருப்பி எடுத்தால் எவ்வளவு, மாற்றி வேறு நகை எடுத்தால் எவ்வளவு என்பதை பணம் கட்டும் முன்பு கேளுங்க. 'நூறு சதவீதம் திருப்பி எடுப்போம்' என்று போர்டு இருக்கும். அது அன்றைய வைர விலைக்கா, வாங்கிய விலைக்கா, பணமாகவா, நகையாக மட்டுமா, சர்டிபிகேட் தொலைந்தால் செல்லுமா என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அட்டையையும் பில்லையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் ஒவ்வொரு காப்பி வைத்துக் கொள்ளுங்கள்.

ஏமாந்து விட்டதாகத் தெரிந்தால், முதலில் கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து அதன் நகலை வைத்துக் கொள்ள வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே வழக்கு போட முடியும். 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுத்து விட வேண்டும். 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டில் இருந்தே பதிவு செய்யலாம். அப்போது அவர்கள் முதலில் கேட்பது பில்லைத்தான்.